போகாத ஊருக்குக் கட்டிய பெட்டி

“கொஞ்சம் மேல ஏறி உக்காருங்க” என்றாள் மனோரஞ்சிதம். நான் தகரப் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்தேன். அவள் குனிந்து கொக்கியை மாட்டினாள். அடுப்பில் ரொட்டி தீயும் வாசனை வரவே எழுந்து ஓடினாள். அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை விடியும்போது என் மனைவி உயிரோடு இல்லை.

அந்தப் பெட்டி பட்டிப்பொலவுக்குப் போகக் கட்டியது. போகப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவள் கொழுந்து எடுத்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். கொழும்புப் பத்திரிகை ஒன்றில் அவளுடைய இரண்டு கதைகள் வந்தன. அவற்றைப் படித்துவிட்டு இரண்டு பேர் கடிதம் போட்டார்கள். ஒருவர் வீரய்யா, பட்டிப்பொலவில் ரயில் பாதையில் வேலை பார்த்தவர். மற்றவர் சிதம்பரநாதன், ஹட்டனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இருவரும் கதை எழுதுகிறவர்கள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

ஒரு கடிதத்தில் வீரய்யா எழுதினார்: “என் வீட்டுக்குப் பக்கத்து அறை காலியாகக் கிடக்கிறது. குளிர்காய அடுப்பும் உண்டு. பத்து நாள் எல்லோரும் இங்கே வந்து, எழுதுவதைத் தவிர வேறு வேலை செய்யாமல் இருந்தால் எப்படி இருக்கும்!”

கொழுந்துக்காரிக்குப் பத்து நாள் லீவு யார் தருவார்? கடைக்காரர் கடையை யாரிடம் விட்டு வருவார்? அதனால் கடிதத்திலேயே போய்வந்தார்கள். யார் சமைப்பது, யார் முதலில் வாசிப்பது என்று ஒரு வருஷம் எழுதிக்கொண்டார்கள். இவள் ஒருத்திதான் நிஜமாகவே பெட்டி கட்டினாள். சிதம்பரநாதனின் கடிதங்களில் இருமல் அடிக்கடி வரும், அவருக்குச் சுக்கு. குளிரில் விரல் விறைத்துப்போவதாக வீரய்யா எழுதியிருந்தார். அவருக்குப் பழைய கம்பளியை வெட்டித் தைத்த கையுறை. பிறகு எழுத நான்கு கொப்பிகள், நான்கு பென்சில்கள், நான்கு எனாமல் கோப்பைகள்.

“எழுதுறவங்க மூணு பேருதானே? நாலாவது பென்சில் எனக்கா?” என்று கேட்டேன்.

“சமைக்க வர்ற ஆளுக்குப் பென்சில் எதுக்கு?” என்று சிரித்தாள்.

அடுத்த வீட்டு ராக்காயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மலையிலும் இவளுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். “போகாத ஊருக்குப் பொட்டி கட்டுறா அண்ணே, ஒம் பொண்டாட்டி. டிக்கட்டு நான் எடுத்துத் தாரேன், போகச் சொல்லு!”

மனோரஞ்சிதம் கதை கட்டுகிற விதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டே மனசுக்குள் கட்டுவாள். ஒரு தேயிலை நிரைக்கு ஒரு பத்தி. நிரை முடிந்ததும் முதலிலிருந்து எல்லாவற்றையும் முணுமுணுப்பாள். கதை முழுசாகும்வரை தாளைத் தொடமாட்டாள். “தாள்ல எழுதுனா அழிச்சுக்கலாம்னு மனசு அசந்துரும்ங்க” என்பாள். கங்காணி, “வாய் இல்ல புள்ள, கை!” என்று கத்துவார். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் ஓடின. கொழுந்து நிறுக்கும்போது ஒருநாளும் அவள் கூடை குறைந்ததில்லை.

கடைசிக் கதையைக் கட்டிக்கொண்டிருந்தது ஏழாம் நம்பர் மலையில். அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட தோட்டத்து ஆட்களை விசாரணைக்குக் கூப்பிட்ட நேரம். அந்தக் கதை தாளில் ஒரு வரிகூட இல்லை. அவளோடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

என் கடிதம் கண்டு பதினாறாம் நாள் கருமாதிக்கு வீரய்யாவும் சிதம்பரநாதனும் வந்தார்கள். தலவாக்கலை ஸ்டேசனில்தான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டார்களாம். காரியம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து அவரவர் பொருளைக் கொடுத்தேன். வீரய்யா கையுறையை மாட்டிப் பார்த்தார். விரல்கள் சரியாக நுழைந்தன. “என் கையை எங்க பாத்தாங்க இவங்க?” என்றார். சிதம்பரநாதன் சுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

“புதுசா ஒரு கதை கட்டுறதா எழுதியிருந்தாங்களே” என்றார்.

“அது போயிருச்சுங்க” என்றேன்.

பந்திப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ராக்காயி திரும்பினாள். “எங்க போச்சு? ஏழாம் நம்பர்லதான் இருக்கு. ஆறு மாசமா காதுல ஊத்துனாளே, பாவி மக.”

“சொல்லு தங்கச்சி” என்று மூவரும் எழுந்துவிட்டோம். அவள் வாயைத் திறந்தாள், இரண்டு வரி சொன்னாள், நின்றாள். “குந்திக்கிட்டுச் சொன்னா வரல அண்ணே. நெரையில நடந்தாத்தான் வரும். நாளைக்கு அங்க கவ்வாத்து வெட்ட ஆள் எறங்குது. செடி மொட்டையாப் போச்சுன்னா எனக்கு எந்தச் செடியில என்ன சொன்னான்னு தெரியாது.”

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் முன்னே போனாள். பெட்டியையும் தேத்தண்ணிக் கேத்தலையும் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னே போனோம். மலையில் பனி இறங்கியிருந்தது. சிதம்பரநாதன் பேனாவை எடுத்தார். இரண்டு வரிக்குள் மை ஊறிப்போயிற்று. பேனாவை மூடிவிட்டுப் பெட்டியிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டார்.

ராக்காயி கொழுந்து கிள்ளாமல் செடியில் கை ஓட்டிக்கொண்டே சொன்னாள். பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்கிறார் ஒரு அதிகாரி. காகிதம் இல்லாத ஒரு பெண், தன்னை அம்மா பெற்ற இடத்தைக் காட்டுகிறேன் என்று அவரைத் தேயிலைக்குள் நடத்திக்கொண்டு போகிறாள். ஒவ்வொரு நிரையிலும் அவர் கால்சட்டை நனைகிறது. ஒவ்வொரு நிரையிலும் அவள் ஒரு செடியைத் தொட்டு, யார் நட்டது என்று சொல்கிறாள்.

ஓரிடத்தில் சிதம்பரநாதன், “இங்க ‘விசனத்தோடு நடந்தாள்’னு போடலாமே” என்றார்.

“அவ விசனம்னு சொல்லல. வேணும்னா ஒங்க கதையில போட்டுக்கங்க மொதலாளி!” என்றாள் ராக்காயி. வீரய்யா சிரித்துவிட்டார். பிறகு யாரும் அவளைத் திருத்தவில்லை.

ராக்காயிக்கு எழுத்து தெரியாது. பெயர் எழுதவும் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு நிரை, தடுமாறாமல் சொன்னாள். மூச்சு வாங்கிய இடங்களில்கூட மனோரஞ்சிதத்தின் மூச்சுத்தான் கேட்டது. நாலாவது பென்சில் யாருக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசி நிரையின் முனையில் ராக்காயி நின்றாள். கீழே ஓடை.

“இதுக்கு மேல அவ சொல்லல.”

“அந்தப் பொண்ணு பொறந்த இடம் வந்துச்சா, இல்லையா?” என்றார் சிதம்பரநாதன்.

“சொல்லலன்னா சொல்லலதான்.”

இருட்டு கட்டத் தொடங்கியது. கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றினேன். சமையல்காரன் வேலை எனக்குத்தானே. நாலாவது கோப்பையை ராக்காயியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடையைப் பார்த்து உட்கார்ந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

முடிவை எழுதிச் சேர்க்கலாம் என்றார் சிதம்பரநாதன். வேண்டாம் என்றார் வீரய்யா. ரயிலுக்கு நடக்கும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். கடைசியில் மனோரஞ்சிதம் விட்ட இடத்திலேயே விட்டு, அதே பத்திரிகைக்கு அனுப்பினோம். அப்படியே அச்சில் வந்தது.

ராக்காயி கதை சொன்ன மறுநாளே கவ்வாத்து நடந்தது. அதன் பிறகு அந்த மலை எத்தனையோ முறை வெட்டுப்பட்டுத் தளிர்த்துவிட்டது. ஏழாம் நம்பரில் கடைசி நிரை இன்றைக்கும் அந்த ஓடையில் போய்த்தான் முடிகிறது.