குளத்தில் முடியும் பாதைகள்

அந்தப் பழைய பூங்காவுக்கு ஒரே வாசல். உள்ளே நேர்பாதை என்று ஒன்றுகூடக் கிடையாது. வாசலிலிருந்து வரும் பாதை நடுவிலுள்ள குளத்தில் சேரும்; மற்ற எல்லாப் பாதைகளும் குளக்கரையில் கிளம்பி, வளைந்து வளைந்து குளத்துக்கே திரும்பிவிடும். "செல்வரும் கூலிக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இங்கிருந்து போய்விட முடியாது, இந்தப் பூங்காவை வடிவமைத்தவர் நம்பிய அறம் அதுதான்" என்று குளக்கரைப் பலகையில் எழுதியவள் அவள். பழைய இடங்களை ஆராய்ந்து எழுதுவது அவள் தொழில். பஸ் ஸ்டாப் பக்கம் வேலியில் ஒரு சின்ன வாசல் வைக்கலாம் என்று நகராட்சி ஒரு கூட்டத்தில் சொன்னபோது, மேசையைத் தட்டித் தடுத்தவளும் அவளே. அன்றைய கைதட்டலை இன்னும் அவ்வப்போது மனதுக்குள் போட்டுக் கேட்டுக்கொள்வாள்.

பலகையை அழகு பார்க்க வந்த மாலையில்தான் தூரத்தில் அக்கா வருவது தெரிந்தது.

அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆசையாகப் புதுவீட்டைக் காட்டிய அக்காவிடம், விருந்தாளிகள் முன்னால், "ஹால் ஆஸ்பத்திரில காத்திருக்கற இடம் மாதிரி இருக்கு" என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். நிபுணராம்! மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும், 'ஆனால் அப்படித்தானே இருந்தது' என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதைப் பிடுங்கி வைத்தது.

இப்போதும் வாய்க்கு முன் கால்கள் முந்திக்கொண்டன. மூங்கில் புதர்ப் பக்கம் நழுவினாள். பாதை குளத்துக்கே வந்தது. இன்னொன்றைப் பிடித்தாள். வேலிக்கு அப்பால் அவளுடைய பஸ் நின்று, கிளம்பிப் போனது. எந்த மகராசி அந்த வாசலைத் தடுத்தாளோ!

மறுபடியும் குளம். பலகை முன்னால் அக்கா நின்றிருந்தாள்.

"இத நீதானடி எழுதின?" அக்கா திரும்பவில்லை. "படிச்சு முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது."

"ஆமாக்கா."

"யாரும் யாரையும் பார்க்காம போக முடியாதுன்னு எழுதிட்டு, நீ எதுக்குப் புதருக்குள்ள பூனையாட்டம் ஓடற?"

"அது... பொதுமக்களுக்கு எழுதினதுக்கா."

அக்காவின் தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "அன்னிலேர்ந்து அந்த ஹால்ல உட்காரவே பிடிக்கலடி எனக்கு."

உள்குரல் 'ஆனால்' என்று ஆரம்பித்தது. அவள் அதை முடிக்க விடவில்லை.

"தப்பு என்னோடதுக்கா. உன் வீட்டை நான் பார்க்கவே இல்ல. குத்தம்தான் தேடினேன்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "சரி, வா. சோபாவ எங்க போடலாம்னு வந்து சொல்லு. மெதுவா, என் காதுல மட்டும்."

இருவரும் அந்த ஒரே வாசலை நோக்கிச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் அக்காவுக்குக் கால் வலித்தது.

"பஸ் ஸ்டாப் இதோ கண்ணுக்கு எதிர்லயே இருக்கு. இங்க ஒரு வாசல் வைக்க எவனுக்கும் புத்தி இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வாயை மூடிக்கொண்டு அக்காவின் பையை வாங்கிக்கொண்டாள்.