கடைசி வரிசையில் காந்தா

காந்தா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் மகளின் நாடகத்துக்கு வர ஒப்புக்கொண்டாள். "வரேன். ஆனா ஜனம் உன்னப் பாத்து சிரிச்சாங்கன்னா எழுந்து போயினே இருப்பேன், சொல்லிட்டேன்."

கோமாளி நாடகத்துக்குப் போடுகிற நிபந்தனையைப் பாருங்கள்! தனி ஆளாக மேடையேறி, மூக்கில் சிவப்பு உருண்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கூட்டத்தைச் சிரிக்க வைப்பதுதான் மகாவின் வேலை. கூட்டம் சிரிக்காவிட்டால் நாடகம் படுத்துவிடும். சிரித்தால் அம்மா போய்விடுவாள்.

அம்மாவின் பயத்தில் நியாயமும் இருந்தது. மகனென்று வளர்த்த பிள்ளை பெண்ணாக பெங்களூர் ஜீவனஹள்ளித் தெருவில் நடந்த நாளிலிருந்து அவள் காதில் விழுந்ததெல்லாம் சிரிப்புதான். ஆறு வருடமாக அவள் மகாவோடு சேர்ந்து வெளியே போனதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லிங்கராஜபுரத்தில் பெயின்ட் கடைக்கு மேலிருந்த சின்ன அரங்கம் நிறைந்திருந்தது. காந்தா கடைசி வரிசையில், கதவோரமாக, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடையில் கோமாளிக்கு ஒரு பச்சைப் புடவை கிடைத்தது. பேன்ட் சட்டைக்கு மேலேயே கட்டிப் பார்த்தாள். கொசுவம் வைத்தால் முந்தானை நழுவியது. முந்தானையைப் பிடித்தால் கொசுவம் காலை வாரியது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. பதினாலு வயதில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அம்மாவின் புடவையோடு மகா பட்ட பாடுதான் அது. அன்றைக்கு அதற்காக முதுகில் அடி விழுந்தது.

காந்தா எழுந்தாள். மேடையிலிருந்து மகா அதைப் பார்த்துவிட்டாள். கூப்பிடவும் வழியில்லை, மூக்கை மாட்டிவிட்டால் கோமாளி பேசக் கூடாது.

காந்தா கதவுப் பக்கம் திரும்பவில்லை. விறுவிறுவென்று மேடைக்கே வந்துவிட்டாள்.

"யாக்ரீ நகுத்தீரா?" என்று, எதற்குச் சிரிக்கிறீர்கள் எனக் கூட்டத்தைப் பார்த்துக் கன்னடத்தில் ஒரு அதட்டல். அப்புறம் தமிழ். "கட்டத் தெரியலன்னா சொல்லிக் குடுக்கணும். பல்லக் காட்டினு உக்காந்திருக்கீங்க!"

பாவம், அது நடிப்பென்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டமோ இவளும் நாடகத்தில் ஒரு ஆள் என்று நினைத்து இன்னும் சிரித்தது. காந்தா சட்டையே செய்யவில்லை. பையைக் கீழே போட்டு, மண்டியிட்டு, கொசுவத்தை விரலால் அளந்து மடித்துச் செருகினாள். தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி மகாவின் தோளில் முந்தானையைக் குத்தினாள். அரங்கம் தானாக அடங்கியது.

"இப்பப் பாருங்க எம் பொண்ண," என்றாள்.

நாலு பேருக்கு முன்னால் அம்மா அதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள் மகா! பதில் பேசத்தான் வழியில்லையே. கீழே கிடந்த பையை எடுத்து அக்குளில் இடுக்கினாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், ஓடுகிற பஸ்ஸை ஒற்றைக் கையால் மிரட்டி நிறுத்தியபடி மேடையைச் சுற்றி நடந்தாள். அச்சு அசல் காந்தா.

காந்தா ஒரு கணம் முறைத்தாள். "அடிப்பாவி, என்னையே நடிச்சிக் காட்டுறியா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். இந்த முறை அரங்கத்தில் முதலில் சிரித்தது அவள்தான்.