கற்பூரச் சத்தியம்

மாலை வகுப்பில் அந்த ஆண்டு அமெரிக்கக் குடியேற்றக் காலத்துச் சூனியக்காரி வழக்குகளைப் படிப்பித்தார்கள். லண்டன் மனோர் பார்க்கிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்த பாலாம்பிகையின் மனதில் தூக்கில் தொங்கிய பெண்கள் தங்கவில்லை. குற்றம் சாட்டியவர்கள்தான் தங்கினார்கள். தொட்டில் வெறுமையானவள் தொட்டில் நிறைந்த அயலவளைக் கைகாட்டினாள், ஊர் நம்பியது.

பக்கத்து வீட்டுத் தவமலருக்கு வயிற்றில் மூன்றாவது பிள்ளை. பாலாம்பிகைக்கு இரண்டு முறையும் கரு தங்கவில்லை. இரண்டாவது கலைந்த கிழமை, தவமலர் கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டிருந்தாள். அயலில் மூத்தவளான அருமைநாயகி வீட்டுப் பூசையில் அதை மட்டும், பாதி வசனமாகச் சொன்னாள். மீதியை அங்கிருந்த தமிழ் ஊரே சொல்லி முடித்தது. செய்வினை என்றார்கள். தவமலர் செய்து விற்கும் பலகாரத்தை வாங்குவதை நிறுத்தினார்கள். கடைசியில் அவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று முடிவாயிற்று.

பிள்ளைத்தாய்ச்சி செய்யும் பொய்ச்சத்தியம் பிள்ளைமேல் விழும். அது தெரிந்துதான் கேட்டார்கள்.

சத்தியத்துக்கு முதல்நாள் பின்னேரம் தவமலர் பாலாம்பிகை வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. பாலாம்பிகை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன் சொல்லப்போறன்?"

"எனக்குத் தெரியும். நீங்கள் படிச்சனீங்கள்."

அன்றிரவு பாலாம்பிகை ஒரு வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்: பொறாமையிலை சொல்லிப்போட்டன். சின்ன வசனம்தான்.

அருமைநாயகியின் சாமியறையில் கற்பூரம் எரிந்தது. "படிச்ச ஆள் நிக்கிறா. பாலாம்பிகை, நீர் என்ன சொல்லுறீர்?" என்று அருமைநாயகி கேட்டாள். எல்லோரும் திரும்பினார்கள். வசனம் நாக்குவரை வந்தது. தவமலரின் மேடிட்ட வயிற்றைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது.

தவமலர் காத்திருந்து பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் நெருப்பை அமர்த்தி அணைத்தாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. செய்திருந்தால் இந்தப் பிள்ளை எனக்குத் தங்கவேண்டாம்."

பெண்கள் அழுதுகொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி அவள் கையில் வெண்ணெய் பூசினாள். ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். பாலாம்பிகையின் கையை, கரு கலைந்த அந்த இரண்டு தடவையும் ஒருவரும் இப்படிப் பிடிக்கவில்லை.

அவள் வாசலிலேயே நின்றாள். ஊர் தவமலரை நம்பிவிட்டது. இனி அந்தப் பிள்ளை பிறக்கும்வரை, ஒவ்வொரு நாளும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தான் தவமலரின் எந்த அழுகுரலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.