'மேலும் படிக்க'வுக்குக் கீழே

சிங்காநல்லூர் குளத்தை ஒட்டின எங்கள் வீதியில் இருபத்தாறு வீடு, ஒரே ஒரு வாட்ஸ்அப் குரூப். அட்மின் கோவிந்தராஜுலு சார். மில் வைத்திருந்தவர்; மில்லை விற்றபின் அறிவியலைப் பிடித்துக்கொண்டார். செல்போன் சூட்டில் முட்டை வேகும், கிரகண நேரத்தில் உலக்கை நிற்கும் என்று தினம் ஒன்று போடுவார். நாங்கள் படித்த மாதிரி காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆடி மாசத்தில் ஒரு நாள், வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் ரத்தத்தின் புளிப்பு மாறி சர்க்கரை தானாக இறங்கும், மாத்திரையே வேண்டாம் என்று ஒன்று வந்தது. அதன் அடியில், தன் சம்சாரம் பங்காரம்மா பன்னிரண்டு வருஷமாகப் போடும் மாத்திரையை இன்றோடு நிறுத்துவதாக அவரே எழுதியிருந்தார். பங்காரம்மாவை ஒரு வார்த்தை கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் வீட்டு மாடியில் இருக்கும் பொற்கொடிக்குத்தான் பொறுக்கவில்லை. ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை. ஆனால் அவளுடைய அம்மா சின்னத்தாயி, சாருடைய தோட்டத்தில் களை எடுத்தவள். அந்த மனுஷனிடம் 'தப்பு' என்று எப்படி எழுதுவாள்?

எழுதினாள். "ஐயா, வணக்கமுங்க. நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். எலுமிச்சை நல்லதுதானுங்க. எங்களுக்காக இவ்வளவு தேடிப் போடறீங்க, ரொம்ப நன்றிங்க" என்று மரியாதையே பத்து வரி போயிற்று. 'இருந்தாலுங்க, ரத்தம் அப்படி மாறாதுங்க, மாத்திரையை நிறுத்தினா ஆபத்துங்க' என்பது அதற்கப்புறம்தான் வந்தது. போன் அதை 'மேலும் படிக்க' என்பதற்குக் கீழே மடித்து வைத்துவிட்டது. எங்கள் வீதியில் அதை அமுக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு மட்டும்தான்.

மத்தியானத்துக்குள் சார் போட்டுவிட்டார், லேப் வேலை பார்க்கும் நம்ம பொற்கொடியே சரி என்று சொல்லிவிட்டது என்று. கோபிச்செட்டிபாளையத்துச் சொந்தக்காரர்களுக்கும் அதையே அனுப்பியதாகக் கேள்வி.

மறுநாள் அவள் சுருக்கமாக எழுதினாள்: "மாத்திரையை நிறுத்தக்கூடாது. அந்தச் செய்தி தப்பு."

ஒரு 'ங்க' கூட இல்லை. எதிர்வீட்டுக் கந்தப்பன் பிடித்துக்கொண்டார். "நாலு பேருக்கு ஊசி குத்தினா டாக்டராயிருமாக்கு? பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா அம்மணி இது?" அதன்பின் ரத்தமும் சர்க்கரையும் எங்கேயோ போயின; சாயங்காலம் வரை பேச்செல்லாம் காணாமல் போன 'ங்க'வைப் பற்றித்தான். சார் மட்டும் பெருந்தன்மையாக, சின்னப் பிள்ளைதானே விடுங்கள் என்றார். பொற்கொடி மன்னிப்புக் கேட்டாள். அதை எல்லாரும் முழுசாகப் படித்தார்கள்.

ஒரு மாசம் கழித்து, சார் ஈரோட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து அவள் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷினோடு பங்காரம்மா வீட்டுக்குப் போனாள். நான் தயிருக்கு உறை வாங்கப் போயிருந்தேன். உறை என் வீட்டிலும் இருந்தது, அது வேறு விஷயம்.

வெறும் வயிற்றில் முந்நூற்று நாற்பது. பங்காரம்மா எண்ணைப் பார்த்துவிட்டு, வலது கால் கட்டைவிரலையும் காட்டினாள். செருப்பு கடித்த புண், மூன்று வாரமாக ஆறவில்லை, ஓரம் கறுத்திருந்தது. வலியே தெரியவில்லையாம், அதைச் சாதனை மாதிரி சொன்னாள்.

"வலிக்காததுதானுங்கம்மா பயமா இருக்குது," என்றாள் பொற்கொடி. "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க. நான் கூட வாரேன்."

"எனக்குத் தெரியாதா கண்ணு. நீ எழுதினதை நான் கடைசி வரைக்கும் படிச்சேன்."

அமுக்கிப் பார்ப்பது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது.

"அப்புறம் ஏனுங்கம்மா?"

"அவரு குரூப்புல போட்டுட்டாரே கண்ணு. இனி நான் மாத்திரையைப் போட்டா அவரு தலை நிமிர்ந்து வீதியில நடப்பாரா?"

பொற்கொடி மெஷினைப் பைக்குள் வைத்தாள். ஜிப் மூட வெகுநேரம் ஆயிற்று. சார்கிட்ட நானே பேசட்டுமுங்களா என்று கேட்டாள். பங்காரம்மா வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டாள். வாசல் வரை வந்து, புடவையை இறக்கிக் காலை மறைத்தபடிதான் வழியனுப்பினாள்.

சாயங்காலம் ஈரோட்டிலிருந்து வந்ததும் சார் எழுதினார்: முப்பத்தொன்றாம் நாள், வீட்டம்மா சௌக்கியம், கால் எரிச்சல்கூடப் போய்விட்டது. பத்தொன்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். விரலைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் நான். போடாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். இருபதாவதாக நானும் போட்டேன்.