வேலிக்கு அந்தப் பக்கம் போன்சர்

ஹெர்ப் டங்கர்லி எதைப் பார்த்து 'போன்சர்' என்று சொன்னாலும் அது சில நாள் வெளிச்சம் விட்டது. ஆஸ்திரேலிய உள்நாட்டு ஊரான முல்காபில்லியில் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல்தான். பிரமாதம் என்று பொருள். கோடை மழைக்குச் சொல்வார்கள், குதிரைக்குச் சொல்வார்கள், வண்டி அச்சு முறிந்தால் கடுப்பிலும் அதையே சொல்வார்கள். ஹெர்ப்பே ஆனாலும் கடுப்பில் சொன்னால் எதுவும் ஒளிராது. ஹெர்ப் மனசாரச் சொன்ன பக்கத்துப் பண்ணை ஆட்டுநாய், இருட்டில் லாந்தர் இல்லாமலே மந்தையை ஓட்டி வந்தது. மதுக்கடைக்காரர் வாரந்தோறும் அவனுக்கு முதல் பீரை இலவசமாக ஊற்றி, அவன் வாயால் அந்தச் சொல்லை வாங்கி, மண்ணெண்ணெய்ச் செலவை மிச்சம் பிடித்தார்.

வயிறு எரிந்தது அவன் மனைவி எட்னாவுக்கு. விவசாயக் கண்காட்சியில் எதிர்வீட்டு டோரிஸ் பிளைத்தின் ஸ்பாஞ்ச் கேக்கை ஒரு விள்ளல் தின்று, ஹெர்ப் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான். பரிசு டோரிஸுக்குப் போனது. மிச்சக் கேக்கை அவள் ஜன்னலில் வைத்தாள். அந்த வெளிச்சம் எட்னாவின் தலையணை வரை வந்து விழுந்தது. எட்னா அதைவிட உயரமாக ஒன்று சுட்டாள். ஹெர்ப் தட்டை வழித்துத் தின்றுவிட்டு "பரவால்ல" என்றான்.

"அவ கேக்குக்கு மட்டும் வாய் நெறைய வருது. எனக்கு ஒருதடவ சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?"

"நம்ம வீட்டுத நாமளே மெச்சிக்கிட்டா ஊரு என்ன பேசும் புள்ள? பீத்திக்கிறான்னு சொல்ல மாட்டானுவளா?"

அங்கே தன் குதிரையையோ தன் பெண்டாட்டியையோ புகழ்கிறவன் பக்கத்தில் மதுக்கடையில் யாரும் நிற்க மாட்டார்கள். எட்னாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வாடகைக்குப் போனாள். சில வருஷத்தில் கோர்ட்டும் அவர்களைப் பிரித்துவைத்தது.

தீர்ப்பு வந்த மறுநாள் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேலியில் சாய்ந்திருந்த ஹெர்ப் தபால்காரனிடம் சொன்னான்: "போன்சர் பொம்பள மச்சான், அந்த எட்னா."

முதலில் அவள் தலைமுடி ஒளிர்ந்தது, பிறகு கைகள். ஈரத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எட்னா அழுதாள். அந்த வாரமே டோரிஸ் தன் ஜன்னலுக்குக் கனத்த திரை தைத்தாள்.

"திரும்பி வந்துடேன் புள்ள," என்று ஹெர்ப் ஒருமுறை கேட்டான்.

"வந்தா மறுபடி பரவால்லன்னுதான் சொல்லுவ. இங்கயே இருக்கேன்."

அவன் தினமும் சொன்னான். அவள் மங்கவே இல்லை. அந்தி சாய்ந்ததும் எட்னா தன் முற்றத்தில் பட்டாணி உரிப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, அந்த வெளிச்சத்தில் ஹெர்ப் பேப்பர் படிப்பான். நகரசபை அந்தத் தெருவுக்கு விளக்குக் கம்பம் போடவில்லை.