தலைகீழ்க் குருவிகள்

இந்த வருடம் பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம் என்று சொன்னவள் என் மகள் பிரேமலா. வெட்டியது, சுமந்தது, கட்டியது எல்லாம் நான்.

பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவள், வந்த அன்றே பதினாலு வருடமாய் வைத்திருந்த பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். பிறகு கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, எந்த நாட்டிலோ யார் வீட்டிலோ பைன் கிளையும் சிவப்புப் பழமுமாய் ஜோடித்திருந்த படங்களைக் காட்டினாள். மலேசியாவில், இந்தக் கூலிமில் பைன் மரத்துக்கு நான் எங்கே போவது? எங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். அதன் மட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் முள் குத்தி, நாங்கள் கிளினிக்கில்தான் பண்டிகை கொண்டாட வேண்டும்.

"சிம்பிளா செஞ்சா போதும்லா," என்றார் என் கணவர் பரஞ்சோதி. சொல்லிவிட்டு ஹைடெக் பூங்கா தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். சிம்பிள் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் வீட்டு வேலை செய்யாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் செய்த ஒரே உதவி, தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடு வாங்கப் போனபோது கடற்கரையிலிருந்து நாலு சவுக்குக் கிளை வெட்டி வந்தது. கருவாட்டையும் கிளையையும் காரின் பின்னால் ஒன்றாகப் போட்டு இரண்டு நாள் மறந்துவிட்டார். கிளையில் பாதி பழுத்து உதிர்ந்தது. மீதிப் பாதியில் கருவாட்டு வாடை. அதைத்தான் பிரேமலா வட்டமாக வளைத்து, வெள்ளை நந்தியாவட்டையைச் செருகி, வாசல் கேட்டில் மாட்டினாள். பெரிய வளையம். அழகாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வாடையும் தெரியாது.

எனக்கு இத்தனை வேகம் வந்ததற்குக் காரணம் பச்சை இலை இல்லை. என் அண்ணன்.

அலோர் ஸ்டாரில் இருக்கும் என் ஒரே அண்ணன் தர்மலிங்கம் எட்டு வருடமாய் என் வீட்டுக்கு வந்ததில்லை. பரஞ்சோதியைக் கட்டிக்கொண்டு நான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோதுகூட அவர் பெரிதாகச் சண்டை போடவில்லை. அம்மா இறந்த அன்று என் நெற்றியில் திருநீறு பூச நான் மறுத்தேன். அதுதான் பொறுக்கவில்லை. பெற்றவளுக்கு ஒன்றும் செய்யாதவள் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் மன்னர்தான். ஒவ்வொரு டிசம்பரும் நான் போன் செய்வேன். "பார்க்கலாம்மா" என்பார். அவர் பார்த்ததும் இல்லை, வந்ததும் இல்லை.

இந்த வருடம் கூப்பிட்டபோது மட்டும், "மார்கழி மாசம், கவுச்சி தொட மாட்டேனே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கோட்டையே கட்டிவிட்டேன். சைவமாய்ச் சமைக்கப் புதுச் சட்டி வாங்கினேன். கத்தரிக்காய்க் குழம்பு அவருக்குப் பிடிக்கும். அண்ணன் வந்து என் கையால் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், வேறு எந்தப் பரிசும் எனக்கு வேண்டாம் என்று ஜெபமே செய்தேன்.

இருபத்து நாலாம் தேதி காலை, சபைப் பையன்கள் வந்து வாசலில் கெமாப் பந்தல் போட்டு, கிறிஸ்துமஸ் விருந்துக்கு நாற்பது நாற்காலியை இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. "நாளைக்குக் கோயிலில் பூஜை இருக்கு. வர முடியாது."

ஒரு வரி. நான் போனை அணைத்து, மேசை லாச்சியில் எறிந்து மூடினேன். இனி யார் கூப்பிட்டாலும் நான் இல்லை என்று பிரேமலாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோய், பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அம்மா, பக்கத்து வீட்டுத் தென்ன ஓல இருக்கு, கெமாவுக்கு ஏதாச்சும் செய்யலாமா?" என்றாள்.

குருத்தோலையில் எனக்கு ஒரே ஒரு பின்னல்தான் தெரியும். அம்மா இறந்த அன்று ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து தோரணம் பின்னிக்கொண்டிருந்தார்கள். அழுது முடித்து, என்ன செய்வது என்று தெரியாமல், நானும் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பின்னினேன். ஓர் ஓலைக்கு, ஓலையிலேயே மடித்த மூன்று குருவி. என் கைக்கு அது மறக்கவில்லை. ஆத்திரத்தில் கை இன்னும் வேகமாக ஓடியது. பதினொரு மணிக்குள் முப்பது தோரணம் கட்டித் தொங்கவிட்டேன்.

ஒரு மணிக்கு எதிர்வீட்டு உமாராணி அக்கா வந்தார். வாய்விட்டுப் பேசுகிறவர், அன்று சத்தமே இல்லாமல் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எப்படிலா ஆச்சு, நளினி? காலையில நல்லாத்தானே வேலைக்குப் போனாரு. நான் கண்ணால பார்த்தேனே."

"யாருக்கு என்னக்கா ஆச்சு?"

"ஒங்க வீட்டுக்காரருக்கு..." அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். "அப்ப யாரு?"

"யாரும் இல்ல. நாளைக்குக் கிறிஸ்துமஸ்."

உமாராணி அக்கா என் கையை விட்டார். விட்ட கையால் கெமாவைக் காட்டினார். "வாசல்ல கெமா. கேட்டுல மலர்வளையம். தோரணத்துல மூணு குருவி, அதுவும் தலகீழா. நான் வேற என்னன்னு நெனைக்கிறது? நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தல மேல பார்த்து இருக்கணும். மூணு கட்டி, கீழ பார்க்கவிட்டா அது சாவு. நீ தமிழச்சிதானே, இதுகூடத் தெரியாதா?"

அந்தக் கெமாவின் கீழ் நின்று நிமிர்ந்து பார்த்தேன். தொண்ணூறு குருவிகள் தலை குனிந்து என்னைப் பார்த்தன. எங்கள் வீட்டுக்கு எழவு கொட்டியது நானேதான்.

"பதினொரு மணிக்கே பார்த்துட்டேன்," என்றார் அக்கா, குரலை இறக்கி. "தாமான் வாட்ஸ்அப் குரூப்ல எழவுன்னு ஒரு வார்த்த போட்டுட்டேன்."

"பதினொரு மணிக்குப் பார்த்துட்டு ஒரு மணிக்கு வறீங்களா?"

"எழவு வீட்டுல கை நனைக்க முடியாதே. சோறாக்கிச் சாப்பிட்டுட்டு வந்தேன்."

நான் வாயைத் திறந்தால் பண்டிகை நாளும் அதுவுமாய்ப் பாவம் சேரும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். முதல் தோரணத்தைப் பிய்த்தேன். சிம்பிளாம். இயற்கையாம். அந்தப் பிளாஸ்டிக் மரத்தை வைத்திருந்தால் பேசாமல் ஒரு மூலையில் நின்றிருக்கும். யாரையும் சாகடித்திருக்காது.

நாலாவது தோரணத்தைப் பிய்க்கும்போது கேட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கதவைச் சாத்தாமலே இறங்கியவர் என் அண்ணன்.

செருப்பைக் காரிலேயே விட்டிருந்தார். சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையில் ஒரு துணிக்கடைப் பை. கேட்டில் இருந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலி மேல் நின்ற என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளையாம்மா?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. அவரு வேலையில இருக்காரு."

"போன் அடைச்சிருந்துச்சே. மாப்பிள்ளையும் எடுக்கல."

"வேலை எடத்துல போன லாக்கர்ல வெச்சிட்டுத்தான் உள்ள போகணும். இது கிறிஸ்துமஸுக்குப் போட்ட கெமா. தோரணம் நான் தப்பாக் கட்டிட்டேன்."

அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. உமாராணி அக்கா சத்தமில்லாமல் நழுவி வீட்டுக்குப் போய்விட்டார்.

மடியிலிருந்த பை சரிந்து உள்ளே இருந்தது தெரிந்தது. புதுச் சேலை. மாம்பழ மஞ்சள். எனக்குப் புரிந்துவிட்டது. பெண் செத்தால் அவள் உடம்பின் மேல் போர்த்தவும், அவள் புருஷன் செத்தால் அவளுக்குக் கொடுக்கவும், பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கோடிச் சேலை அது. கொண்டுவர வேண்டியவன் கூடப் பிறந்தவன்.

"யாருன்னு சொல்லல. ஒங்க வீட்டுல எழவுன்னு மட்டும்தான். குரூப்ல வந்தத தெரிஞ்சவங்க அனுப்பினாங்க," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "நீயா அவரான்னு தெரியல. யாரா இருந்தாலும் சேல ஒனக்குத்தானே. சுங்கை பட்டாணியில நிறுத்தி வாங்கினேன்."

எனக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது கோபம். நாற்காலியிலிருந்து இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"எட்டு வருஷமாக் கூப்பிட்டேன்ணே. புதுச் சட்டி வாங்கி வெச்சிருக்கேன். அதுக்கு ஒங்களுக்கு நேரமில்ல, பூஜை. நான் செத்தேன்னா மட்டும் ஒன்றரை மணி நேரத்துல வர முடியுது. அப்ப நான் இத முன்னாடியே செஞ்சிருக்கணும்."

"கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும்மா."

"நல்லதுக்கு?"

அவர் என் கையிலிருந்த தோரணத்தை வாங்கினார். குருவிகளை விரலால் தடவி எண்ணினார். கோயில் வேலைகளில் ஊறியவர், மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமான பின்னல். யாரு சொல்லிக் குடுத்தா?"

"அம்மா செத்த அன்னிக்குக் கத்துக்கிட்டேன். ஒங்களுக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருந்தேன். அம்மா போன வண்டியில தொங்கினதுல எட்டு நான் பின்னினது. நீங்க என் நெத்திய மட்டும்தான் பார்த்தீங்க."

அண்ணன் தோரணத்தை மடியில் வைத்து, பிய்ந்த ஓலையை விரலால் நீவி நேராக்கினார். பிரேமலா தண்ணீர் கொண்டுவந்து, மாமா என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல், நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"காலையிலேருந்து சாப்பிடல," என்றார். "சோறு இருக்கா?"

"கத்தரிக்கா நாளைக்குத்தான். இன்னிக்கு வெறும் ரசம்."

"ரசம் போதும்."

எழுந்தார். இன்னும் இருபத்தாறு தோரணங்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கெமாவைக் கடந்து, வாசற்படியை மிதித்து உள்ளே போய்க் கை கழுவினார். சேலைப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போனார். நான் அதை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

புதுச் சட்டியில் ரசத்தைச் சூடாக்கினேன். எனக்குக் கோபம் போகவில்லை. அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தேன்.