சூடானால் அடங்கும் நடுக்கம்

என் காருக்குப் பத்தொன்பது வயது. அதன் இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்துக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. சொந்தத்திலேயே மெக்கானிக் இருக்க என்ன கவலை என்றார்கள் எல்லோரும். எனக்கு அதுதான் கவலை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

அதனால் வண்டியை விடும் முன்பே, கைக்கு எட்டிய பாகங்களின் அடியில், ரப்பர் குழாய்கள் உட்பட, மனைவியின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். வண்டி திரும்பி வந்த அன்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து பானெட்டைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பிப் பார்த்துச் செருகினேன். எல்லாப் புள்ளியும் இருந்தது. இருந்தால் மட்டும்? பலே ஆள், புள்ளி வைக்காததில் கை வைத்திருப்பான்.

மறுநாள் காலையே ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தால் குளிர் ஜுரக்காரன் மாதிரி உதறல். இரண்டு முறை அணைந்தே போனது. பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் பரம சாது. பட்டறை வாசலுக்குப் போகும்போது நடுக்கத்தின் சுவடே இல்லை.

"நல்லாத்தானே ஓடுது மாமா?"

"காலையில ஆடுதுய்யா."

"அப்ப ஒரு ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. நல்லா ஆறின இன்ஜினப் பாத்தாத்தான் தெரியும்."

ராத்திரி முழுக்க விட வேண்டுமாம்! மிச்சத்தையும் மாற்றவா? ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"உன் தம்பி பழைய சாமானப் போட்டு ஏமாத்திட்டான்" என்றேன் மனைவியிடம்.

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். "எங்க வீட்லேருந்து இந்தப் படி ஏறுறவன் அவன் ஒருத்தன்தான். அவன்கிட்ட இத வாய் தவறிக்கூடக் கேட்டுடாதீங்க. அப்புறம் அவனும் வரமாட்டான்."

நான் கேட்கவில்லை. காலையில் வீட்டுக்கே வந்து, என் கண் முன்னால் பார்க்கச் சொன்னேன்.

ஆறு மணிக்கு வந்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி உதறியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம். அவன் ஒரு ஸ்ப்ரேயைக் குழாய்களின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே போனான். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறியது.

"இங்கதான் காத்து இழுக்குது. குழாய் பாதிதான் ஏறியிருக்கு. ஆறினா சந்து விடுது, சூடானா ரப்பர் இளகி ஒட்டிக்குது."

சரியாக மாட்டக் கழற்றியவன் அடியில் இருந்த புள்ளியைப் பார்த்தான். குனிந்து பக்கத்துக் குழாயைப் பார்த்தான். அடுத்ததையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் சுற்றுச்சுவரை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

குழாயை அழுத்தி ஏற்றிக் கிளிப்பை இறுக்கினான். உதறல் நின்றது.

மனைவி வெளியே வந்தாள். "என்னடா ஆச்சு?"

"என் தப்புதான்க்கா. குழாய ஒழுங்கா மாட்டாம விட்டுட்டேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. "இவர் அப்பவே சொன்னாருடா. நான்தான் நம்பல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பானெட்டை இறக்கி மூடினேன்.

வண்டியை அணைத்துவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து என்னை மாமா என்று மட்டுமே கூப்பிட்டவன், சாவியை என் உள்ளங்கையில் வைத்தான்.

"இனிமே வேற எங்கயாவது காட்டிக்குங்க, சார்."